காதர்பேட்டைக் கணக்கு பாரிஸ் பைக்குப் பொருந்துமா?

திருப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"என் மகளுக்கு முப்பதாவது பிறந்த நாள் வருகிறது. நல்ல கைப்பை ஒன்று வாங்கித் தர ஆசை. சீனாவில் ஒரு பட்டறைக்காரர் பேசும் வீடியோவைத் தங்கை அனுப்பினாள். பாரிஸின் ஹெர்மெஸ் பை முதற்கொண்டு எல்லாம் எங்களிடம்தான் தைக்கிறார்கள், ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் லேபிள் மட்டும் ஒட்டுகிறார்கள் என்கிறார் அவர். அதே பட்டறைச் சரக்கு என்று வாட்ஸப்பில் ஒருவர் 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதி போக மிஞ்சிய துணிமணி, வாங்கிப் பழகிய எங்களுக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா? இன்னொரு சந்தேகம். தங்கை மகள் துபாயில் லூயி விட்டான் கடையிலேயே ஒரு பர்ஸ் வாங்கினாள். உள்ளே 'மேட் இன் ஸ்பெயின்' என்று இருக்கிறது. பிரெஞ்சு கம்பெனிப் பொருளில் ஸ்பெயின் எப்படி வந்தது? ஏமாந்துவிட்டாளா?"

அம்மா, வணக்கம். பர்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்குக் கடைசியில் வருகிறேன். வாட்ஸப் பையை வாங்காதீர்கள்.

உங்கள் சந்தேகத்தில் தப்பே இல்லை. சென்னையில் தோல்பொருள் ஏற்றுமதி நிறுவனங்களில் 28 வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். லேபிளில் உள்ள ஊருக்கும் பை தைத்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கையில் எடுத்திருப்பது காதர்பேட்டைக் கணக்கு. அது பனியனுக்குச் சரி. பைக்கு ஏன் சரிவராது என்று சொல்கிறேன்.

உங்கள் ஊரில் என்ன நடக்கும்? பத்தாயிரம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வரும். நூலும் துணியும் கம்பெனிக்காரர் வாங்குவது. சாயத்தில் போவது, தையலில் போவது என்று கழியும், அதனால் நூற்றுக்கு மூன்றோ ஐந்தோ கூடுதலாகவே வெட்டுவார். கப்பல் ஏறியது போக மிஞ்சுவது காதர்பேட்டைக்கு வரும். கழுத்து லேபிளைக் கத்தரித்துவிட்டால் வெளிநாட்டுக் கம்பெனி பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆக, நீங்கள் வாங்கிய சர்ப்ளஸ் நிஜமான சர்ப்ளஸ்தான்.

விலை உயர்ந்த தோல் பையில் அப்படி மிஞ்சுவதற்கே வழி இல்லை. தோலை எந்த டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், எடுக்க வேண்டும் என்று பிராண்டுதான் சொல்லும். பூட்டு, வளையம், ஜிப் எல்லாம் எண்ணி வரும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்குப் பை தைத்தோம். உச்சாணி பிராண்டுகூட இல்லை, நடுத்தரம்தான். ஐந்நூறு பைக்குப் பெயர் பொறித்த பூட்டு ஐந்நூற்றைந்து வரும். ஒன்று கீறிப் போனால் கீறியதைத் திருப்பி அனுப்பினால்தான் புதிது. ஒரு நாள் ராத்திரி இரண்டு பூட்டு குறைந்துவிட்டது. பேக்கிங் ஆட்கள் முதல் மேனேஜர் வரை தரையில் தவழ்ந்து தேடினோம். பசை டப்பாவுக்கு அடியில் ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்கு விளக்கக் கடிதம் எழுதினோம்.

குறை விழுந்து கழித்த பைகள் விஷயம் இன்னும் மோசம். ஒரு தடவை நாற்பது பைகளின் உள் லைனிங்கில் பசை கசிந்து கறை விழுந்துவிட்டது. வெளியே ஒரு குறையும் தெரியாது. வந்திருந்த பிரதிநிதி, ஒவ்வொரு பையின் முகப்பிலும் பிளேடால் குறுக்கே கீறச் சொன்னார். கீறியது நான். நாற்பதையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். மலிவாக வெளியே போவதைவிட அழிந்து போவது மேல் என்பதுதான் இந்தத் தொழிலின் புத்தி. பிரிட்டனின் பர்பெரி 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது. அது வெளியே தெரிந்து நாலா பக்கமும் திட்டு விழுந்த பிறகு 2018இல் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. இப்படிப்பட்டவர்களிடமிருந்து 'கொஞ்சம் மிஞ்சிய சரக்கு' உங்கள் வாட்ஸப்புக்கு வந்து சேராது.

அந்த வீடியோ 2025 ஏப்ரலில் பரவிய ரகம். அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரியை 145 சதவீதம் வரை ஏற்றிய நேரம் அது. 38,000 டாலருக்கு விற்கும் ஹெர்மெஸின் பர்கின் பையின் அடக்கம் 1,400 டாலர்தான், தைப்பது நாங்கள்தான் என்று வரிசையாகப் பலர் பேசினார்கள். பேச்சு சுவாரசியம்தான். பர்கின் விஷயத்தில் அது பொய்.

ஹெர்மெஸ் தன் பைகளைப் பிரான்ஸில் சொந்தப் பட்டறைகளில் தைக்கிறது. பாரிஸை ஒட்டிய பந்தானில் பெரிய பட்டறை, நாடெங்கும் பரவலாக இருபதுக்கு மேல். ஒரு பையை ஒரே ஆள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தைப்பார். தைத்தவரின் அடையாள முத்திரை உள்ளே இருக்கும். இரண்டு கால்களுக்கும் நடுவே மரக்கவ்வி. அதில் தோலைச் செருகி, குத்தூசியால் துளை போட்டு, தேன்மெழுகு தடவிய ஒரே லினன் நூலின் இரண்டு நுனியிலும் இரண்டு ஊசி கோத்து, அதே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாகச் செலுத்தி இரண்டு கையாலும் இழுப்பார். குதிரைச் சேணம் தைத்தவர்களின் தையல் அது. 1837இல் அந்த நிறுவனம் தொடங்கியதே சேணமும் கடிவாளமும் செய்யத்தான். இந்தத் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் எதிர்ப்பக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் மிஷினில் மேல்நூலும் அடிநூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்வதோடு சரி. ஒன்று அறுந்தால் அடுத்த நாலைந்து தையல் தளர்ந்துவிடும். உங்கள் பழைய கைப்பையின் பிடி அடியைப் பாருங்கள், நான் சொல்வது தெரியும். நம் தெருமுனையில் செருப்புத் தைப்பவர் கொக்கி ஊசியால் கீழ்நூலை மேலே இழுத்துப் போடுவாரே, அது இன்னொரு வகை. பலம் உண்டு, ஆனால் சேணத் தையல் இல்லை.

சீனக் கைகளுக்கு இந்த வேலை வராது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வரும். ஹெர்மெஸ் அங்கே கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஹெர்மெஸை வைத்து மற்றவர்களை எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். வீடியோக்காரர் சொன்னதில் கால்வாசி உண்மை இங்கேதான் இருக்கிறது. 2011இல் இத்தாலியின் பிராடா ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு சீனாவில் என்பது வெளியே பேசப்பட்டது. இன்னொரு பெரிய பிராண்டான பலென்சியாகாவின் பருமனான ட்ரிபிள் எஸ் ஷூ முதலில் இத்தாலியில் தயாரானது. 2018இல் சீனாவுக்கு மாறியது, கேட்டவர்களிடம் நிறுவனமே ஆமாம் என்றது. விலை மாறவில்லை. அமெரிக்காவின் கோச் பைகள் இன்று பெரும்பாலும் வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸில் தைக்கப்படுகின்றன. இவையெல்லாம் லேபிளிலேயே இருக்கும். யாரும் படிப்பதில்லை.

சரி, அந்த லேபிள் என்னதான் சொல்கிறது? ஒரு பொருள் பல நாடுகளில் உருவானால், கடைசியாக எங்கே குறிப்பிடும்படியான மாற்றம் அடைந்ததோ அந்த நாடுதான் அதன் பிறந்த ஊர். ஐரோப்பியச் சுங்க விதி இதுதான். ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஷூவில் அதிகக் கைவேலை பிடிப்பது மேல்பகுதி, அதாவது அப்பர். வெட்டி, ஓரம் சீவி, மடித்து, தைத்து முடிக்க வேண்டும். அதை ஒரு நாட்டில் தைத்து, இத்தாலிக்கு அனுப்பி, அங்கே அடிப்பகுதியைச் சேர்த்துவிட்டால் ஷூ இத்தாலியன். லூயி விட்டான் ஷூக்களின் அப்பர் ருமேனியாவில் தயாராவதை 2017இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் விரிவாக எழுதியது. சட்டப்படி அதில் ஒரு தப்பும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கும் உடைகளுக்கோ எந்த நாட்டில் செய்தது என்று போட்டாக வேண்டிய கட்டாயமே இல்லை.

இத்தாலியில்தான் தைத்தது என்றாலும் இத்தாலியில் எந்த மேசையில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு மனசு கசந்துபோனது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் மிலான் நீதிமன்றம் இத்தாலிய பிராண்டான அர்மானியின் உற்பத்திப் பிரிவை ஒரு வருடத்துக்கு நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. ஜூனில் பிரெஞ்சு பிராண்டான டியோரின் இத்தாலிய உற்பத்தி நிறுவனத்துக்கும் அதே கதி. வேலை போன வழி நமக்குப் பழக்கமானதுதான். பிராண்டு ஓர் ஒப்பந்தக்காரருக்கு ஆர்டர் கொடுக்கும். அவரிடம் அத்தனை பை தைக்க ஆளும் இருக்காது, மிஷினும் இருக்காது. மிலானைச் சுற்றியுள்ள, சீனர்கள் நடத்தும் சிறு பட்டறைகளுக்கு அவர் தள்ளிவிடுவார். அங்கே தொழிலாளர்கள் பட்டறையிலேயே தூங்கியதும், ஆவணமில்லாத ஆட்கள் இருந்ததும், வேகமாக ஓட வேண்டும் என்று பசை மிஷின்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றி வைத்திருந்ததும் விசாரணையில் தெரிந்தன. ராத்திரி, விடுமுறை என்று பாராமல் வேலை நடந்ததை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? மின்சாரம் எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். நானும் ஆடிட் பார்த்தவன். வருகைப் பதிவேட்டைத்தான் கேட்டு வாங்கிப் புரட்டியிருக்கிறேனே தவிர, கரண்ட் பில்லைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

நீதிமன்ற ஆவணத்தில் வந்த எண்கள் உலகம் சுற்றின. டியோர் பை ஒன்றுக்குப் பட்டறைக்குப் போனது 53 யூரோ, கடையில் விலை 2,600 யூரோ. அர்மானி பைக்குப் பட்டறைக்காரர் வாங்கியது 93 யூரோ, ஒப்பந்தக்காரர் அர்மானிக்கு விற்றது 250, கடை விலை 1,800 வாக்கில். இந்த எண்களை முகநூலில் பார்த்திருப்பீர்கள். ஒரு திருத்தம் உண்டு. 53 யூரோ தையல்கூலிதான், தோல் விலை அதில் இல்லை. அந்தப் பட்டறைகள் ஆண்களுக்கான சில பொருள்களில் இணைப்பு வேலையின் ஒரு பகுதியைத்தான் செய்தன, வெளியான அடக்கவிலை தவறு என்று டியோரும் மறுத்தது. கண்காணிப்பு இரண்டு நிறுவனங்களுக்கும் 2025 பிப்ரவரியிலேயே விலக்கப்பட்டது. அவர்கள் மீது குற்ற வழக்கு போடவில்லை, மேற்பார்வையில் கோட்டைவிட்டார்கள் என்பதே குறை. ஆனால் அதே வருடம் வேலன்டினோவின் பை நிறுவனத்தையும், காஷ்மீர் கம்பளி உடைக்குப் பேர் போன லோரோ பியானாவையும் அதே நீதிமன்றம் கண்காணிப்பில் வைத்தது. ஒன்றிரண்டு பேரோடு போகிற சங்கதியாகத் தெரியவில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. லூயி விட்டான், டியோர் எல்லாம் சேர்ந்த எல்விஎம்எச் குழுமத்தின் ஆண்டுக் கணக்கில் மொத்த லாப விகிதம் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி நிற்கும். நூறு ரூபாய் விற்றால் பொருளைச் செய்ய ஆனது முப்பத்துச் சொச்ச ரூபாய். மீதியில்தான் கடை வாடகை, விளம்பரம், நடிகைக்குப் பணம், லாபம் எல்லாம். 'இதன் அடக்கம் இவ்வளவுதானா' என்று நாம் அதிர்ச்சி அடைகிறோம். அவர்கள் அதை ஆண்டறிக்கையிலேயே போட்டுவைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரத் தேசத்தில் தைத்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்பதும் கட்டுக்கதை. 2019இல் லூயி விட்டான் அமெரிக்காவின் டெக்ஸஸில் ஒரு பட்டறை திறந்தது. திறப்பு விழாவுக்கு அப்போதைய அதிபர் டிரம்ப்பே வந்தார். அங்கே தோலில் 40 சதவீதம் வரை வீணானது என்று முன்னாள் தொழிலாளர் ஒருவர் சொன்னதை 2025இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. எங்கள் கட்டிங் மாஸ்டர்கள் யாராவது நாற்பது சதவீதம் வீணாக்கியிருந்தால் மறுநாள் வேலைக்கு வந்திருக்க முடியாது. ஒரு தோலை விரித்துப் போட்டு, கொசுக்கடித் தழும்பு எங்கே, வயிற்றுப் பக்கத் தொய்வு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்து, பையின் முகப்பை முதுகுப்பகுதியிலும், மறையப்போகும் துண்டை ஓரத்திலும் எடுப்பார்களே, அந்தக் கண் வர வருஷக்கணக்காகும். நாட்டின் பெயர் அதைக் கொடுத்துவிடாது.

நம் பக்கத்துக் கைகளும் இதில் உண்டு. பாரிஸ், மிலான் மேடைகளில் மினுங்கும் உடைகளின் எம்பிராய்டரியில் பெரும் பங்கு மும்பையில் நடப்பது. சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, சுற்றி ஆட்கள் உட்கார்ந்து போடும் ஆரி வேலை. நம் கல்யாண பிளவுஸுக்குப் போடுகிறார்களே, அதே கொக்கி ஊசிதான். பல வருடங்கள் இதை வெளியே சொல்லவே மாட்டார்கள். லேபிளிலும் வராது, கடைசியாகத் தைத்து முடித்த நாடுதானே அதில் இருக்கும். 2023 மார்ச்சில் டியோர் தன் காட்சியை மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நடத்தி, தனக்கு எம்பிராய்டரி செய்யும் சாணக்யா நிறுவனத்தை வெளிப்படையாக முன்னிறுத்தியபோதுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. சென்னையிலும் ஒன்று உண்டு. பாரிஸின் புகழ்பெற்ற லெசாஜ் எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான்-பிரான்சுவா லெசாஜ், 1993இல் இங்கே தமிழ்நாட்டுக் கைவினைஞர்களை வைத்து வஸ்த்ரகலா என்ற பட்டறையைத் தொடங்கினார். பிரெஞ்சு மாளிகைகளுக்கான திரைச்சீலையும் இருக்கை விரிப்பும் அங்கே உருவாகின. ஆசிரியைக்கு இது பிடிக்கும் என்று தோன்றியது, சொன்னேன்.

இப்போது உங்கள் 18,000 ரூபாய்க்கு வருவோம். அந்த வாட்ஸப் பை எங்கேயோ ஒரு பட்டறையில் தைத்த நகல். தையல் நன்றாகவே இருக்கலாம், நல்ல நகல்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஜிப் போனால் யாரிடம் போவீர்கள்? விற்பதற்காகக் கொண்டுவரும் பெயர் போட்ட நகல் சுங்கத்தில் மாட்டினால் பறிமுதல்தான், அதற்கு 2007 முதல் தனி விதிகளே இருக்கின்றன. உங்கள் மகள் இத்தாலிக்குச் சுற்றுலா போய் அங்கே தெருவில் இப்படி ஒன்றை வாங்கினால் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடலாம்.

அந்தப் பணத்துக்கு நம் ஊர்க்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் அருமையான தோல் பை கிடைக்கும். சென்னை, புதுச்சேரிப் பக்கம் ஏற்றுமதிக்குத் தைக்கும் பலர் இப்போது இங்கேயும் விற்கிறார்கள். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை நம்பிப் போகாதீர்கள். மேல்தோலைச் சீவி எடுத்த பிறகு மிஞ்சும் அடித்தோலும் ஜெனுயின் லெதர்தான், அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு போட்டிருப்பார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல மேல்தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரலைச் சுற்றி ஓடி, எடுத்ததும் மறையும். பூச்சுத் தோல் ரப்பர் மாதிரி அப்படியே குழியும். அடுத்து வார் ஓரத்தைப் பாருங்கள். வெட்டின ஓரத்துக்கு வண்ணம் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். மூன்று நாலு தடவையாவது செய்தால்தான் கண்ணாடி மாதிரி வரும். வாரை மடக்கினால் ஓர வண்ணம் விரிசல் விடுகிறதா? விட்டால் ஒரே பூச்சோடு அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம், ஆறு மாதத்தில் உரியும். பிடி பையோடு சேரும் இடத்தில் தையல் திரும்பி இரண்டு மூன்று தடவை ஓடியிருக்க வேண்டும். கடைசியாக, உள்ளே கையை விட்டு லைனிங்கை மெதுவாக வெளியே இழுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இழுங்கள். பையைப் பற்றி வெளிப்பக்கம் சொல்லாததை உள்பக்கம் சொல்லிவிடும்.

அப்புறம் அந்த பர்ஸ். லூயி விட்டானுக்குப் பிரான்ஸைத் தவிர ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்காவில் பட்டறைகள் இருக்கின்றன. ஸ்பெயின் என்று அவர்களே அச்சிட்டு விற்பது சகஜம். சொந்தக் கடையிலேயே வாங்கியிருக்கிறாள், ஏமாறவில்லை. உள்ளே எண்ணும் எழுத்துமாகக் குறியீடு இல்லையே என்று யாராவது பயமுறுத்தினால், 2021 முதல் அதற்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத சிப் வைக்கிறார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். பட்டன் தளர்ந்தாலோ ஓர வண்ணம் உரிந்தாலோ கடைக்கு எடுத்துப் போகும்போது கையில் இருந்தால் நல்லது.